ஒன்பது தப்படி வீடு

கேட்டிலிருந்து வாசல் கதவு வரை அந்த வீட்டில் நீளமாக ஒரு நடை. இரண்டு பக்கமும் சுவர், மேலே தகரக் கூரை, கீழே சிமெண்டுத் தரை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வீடு பார்க்க வந்தபோது, வெளிச்சம் வருமா, கூரை ஒழுகுமா என்று எதையும் கேட்காமல் அந்த மனுஷன் கேட்டிலிருந்து கதவுக்கு ஒருதரம் நடந்து பார்த்தார். "ஒன்பது தப்படி. பேசி முடிச்சிடலாம்" என்றார். ஒன்பது இருந்தால் வீட்டுக்கு என்ன வந்தது, பத்து இருந்தால் என்ன போனது என்று அவர் மனைவிக்கு அன்றைக்கும் புரியவில்லை. கூரை ஒழுகியது. முதல் மழையிலேயே தெரிந்தது.

ஊரில் அவருக்குத் தப்படியார் என்று பேர். மனைவி தையல்காரம்மா. முன்னறையில் மிஷின் போட்டு, பேன்ட்டுக்கு நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, பள்ளிச் சீருடை தைப்பது என்று ஒரு நாளும் சும்மா உட்காராத கை. இது தப்படியார் கதைதான். ஆனால் அவரிடமே கேட்டால் பாதியை முழுங்கிவிடுவார். அதனால் அந்த அம்மா பக்கம் நின்று சொல்கிறேன்.

அவர் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் வால்வுக்காரராக இருந்தவர். தெருவுக்கு அடியில் ஓடுகிற குழாய்களில் அங்கங்கே ஒரு வால்வு இருக்கும், அதன் தலைக்கு மேல் ஒரு இரும்பு மூடி. மூடியைத் திறந்து, ஆள் உயரச் சாவியை உள்ளே விட்டுத் திருகினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் நிற்கும், வரும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் சாலைத் துறைக்காரர்கள் வந்து தார் ஊற்றுவார்கள், மூடி தாருக்கு அடியில் போய்விடும். அலுவலகத்தில் வரைபடம் இருந்தது. ஊரில் இல்லாத தெருவெல்லாம் அதில் இருந்தது, அதில் இல்லாத தெருவெல்லாம் ஊரில் இருந்தது.

ஆகவே அவர் தன் காலை நம்பினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய மேலாள் மைதானத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு தப்படியும் சரியாக முப்பது அங்குலம் விழும் வரை ஒரு மாசம் நடக்க விட்டாராம். அதன் பிறகு அவர் கால் மாறவே இல்லை. "உன் டேப்புல பாதி என் தப்படி" என்று கல்யாணமான புதிதில் மனைவியிடம் பெருமை பேசுவார். அறுபது அங்குல டேப்பை அந்த அம்மா தரையில் விரித்துப் பார்த்திருக்கிறாள். ஒரு நூல் பிசகவில்லை. நூலக முனையிலிருந்து இருபத்தேழு, பேக்கரி முனையிலிருந்து நாற்பத்தைந்து என்று ஊரிலுள்ள இருநூற்றுச் சொச்ச வால்வுக்கும் எண் அவர் தலையில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அலுவலகத்திலிருந்து போன் வரும். "போன்லயே சொல்லுங்க ஐயா, நாங்க எண்ணிக்கிறோம்" என்பார்கள். "உன் தப்படி வேற, என் தப்படி வேற. வேற எங்கயாவது போய் நிப்பே" என்று சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்தப் பேச்சை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபத்தேழு வயதில் ஒரு நாள் காலை, ஷூ நாடாவைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை வைத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "என்னங்க?" என்றாள். திரும்பிப் பார்த்த முகத்தில் வாய் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. அந்த அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று சொல்லலாம்தான், ஆனால் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரரைக் காரை எடுக்க வைத்து, வெட்டிய துணியை வெட்டியபடி போட்டுவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர்.

உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் பாதி தப்பின. தலைக்குள்ளே இருந்ததுதான் என்ன ஆனதென்று தெரியவில்லை. காலையில் சாப்பிட்டது மதியத்துக்கு ஞாபகம் இல்லை. பேத்தி பேரைச் சொல்லத் தெரியவில்லை. பேக்கரி முனை என்றால் வெறித்துப் பார்த்தார். வால்வு எண்கள் ஒன்றுகூட இல்லை. இதையெல்லாம்விட அந்த அம்மாவை அரித்தது வேறு ஒன்று. எதைச் சொன்னாலும் சொல்லி முடித்ததும் இவள் பக்கம் திரும்பி, "சரிதானே?" என்று கேட்க ஆரம்பித்தார். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, சரிதானே? நான் குளிச்சுட்டேன், சரிதானே? ஊருக்கே வழி சொன்ன மனுஷன், தன் சட்டை என்ன நிறம் என்பதற்கு இவளிடம் சாட்சி கேட்டார். அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்ததென்று அவளுக்கே தெரியாது.

ஒரே மகள் வெளியூரில் பள்ளிக்கூட டீச்சர். நல்ல பெண், கெட்டிக்காரி, கொஞ்சம் கட்டளை போடுவாள். தொழில் அப்படி. வந்து பத்து நாள் இருந்து பார்த்துவிட்டு, "அம்மா, நீ தனியா இவரை வச்சுக்கிட்டு அல்லாட முடியாது. வீட்டைக் காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் எங்கிட்ட வந்துடுங்க" என்றாள்.

"மிஷின்?"

"அம்மா, அப்பாவைப் பத்திப் பேசிட்டு இருக்கோம்."

"நானும் அவரைப் பத்திதான் பேசறேன். இந்தத் தெருவை விட்டா அவருக்கு உலகத்துல ஒண்ணும் தெரியாது. உன் வீட்டு எட்டாவது மாடில கொண்டுபோய் வச்சா, இருக்கற கொஞ்ச நஞ்சமும் போயிடும்."

கடைசியில் ஆறு மாசம் பார்ப்பது என்று முடிவானது. ஆறு மாசத்தில் அப்பா தானாக நாலு இடத்துக்குப் போய் வந்து, தன் முடிவைத் தானே எடுக்கிற நிலைக்கு வந்தால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியது. இதைச் சொல்லும்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "ஆறு மாசம், சரிதானே?" என்று மனைவியைக் கேட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் மூன்று நாள் ஒரு பிசியோதெரபிப் பெண் வருவாள். ஒல்லிக்குச்சி, ஆனால் பிடித்தால் உடும்புப்பிடி. நின்ற இடத்திலேயே மிதிக்கிற ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து தையல் மிஷினுக்குப் பக்கத்தில் போட்டாள். "தினம் அரை மணி நேரம் மிதிக்கணும், அரை மணி நேரம் வெளிய நடக்கணும். மூச்சு வாங்கற அளவுக்கு. பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்."

"நோய் தலைல. வைத்தியம் காலுக்கா?" என்றாள் தையல்காரம்மா. அவளுக்கு மூக்கு நுனியில் கோபம் எப்போதும் தயாராக இருக்கும்.

"கால் ஓடினா ரத்தம் நல்லா ஓடும்மா. மூளைக்கும் சேத்துத்தான் ஓடும். அடிபட்ட இடத்தைச் சுத்திப் புது வழி போட அதுக்குத் தெம்பு வேணும். வயசானாலும் போடும், கொஞ்சம் மெதுவாப் போடும். எல்லாருக்கும் எல்லாம் திரும்பி வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா சும்மா படுத்திருக்கறவங்களவிட ஆடி ஓடறவங்க பல பேர் நல்லா வர்றதைப் பாத்திருக்கேன்."

சத்தியம் பண்ண மாட்டேன் என்று சொன்னதாலேயே அந்த அம்மாவுக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது.

நடக்கும்போது ஒரே ஒரு கண்டிப்பு. எண்ணக் கூடாது. "எண்ணிக்கிட்டே நடந்தா இவருக்கு நடை தடுமாறுது. விழுந்து வச்சா எல்லாம் பாழ். நீங்க பேச்சுக் கொடுத்துக்கிட்டே கூடப் போங்கம்மா" என்றாள் அந்தப் பெண். பேச்சுக் கொடுக்க அந்த அம்மாவுக்கா சொல்லித் தர வேண்டும்? எந்த வீட்டுச் சீருடைக்கு எத்தனை பட்டன் அறுந்தது என்பது வரை பேசுவாள். அவர் வலது காலை இழுத்து இழுத்துக் கூடவே வருவார்.

ஞாபகத்துக்கும் ஒரு பயிற்சி வைத்தாள் பிசியோ பெண். மிதிக்க ஆரம்பிக்கும் முன் ஐந்து வார்த்தை சொல்வாள். குடை, சாவி, மஞ்சள், நாற்காலி, கடல். இறங்கியதும் கேட்பாள். முதல் வாரம் பூஜ்யம். "எந்த வார்த்தை? நீ எப்போ சொன்னே?" என்று அவளையே திருப்பிக் கேட்டார். துணிக்குக் கோடு போடுகிற சாக்பீஸால் அன்றன்றைய மதிப்பெண்ணைச் சுவரில் எழுதினாள் மனைவி. பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், ஒன்று. இரண்டாம் மாசம் இரண்டு. ஒரு நாள் மூன்று வந்துவிட்டு மறுநாள் மறுபடி ஒன்றுக்கு இறங்கியது. அன்றைக்கு அந்த அம்மா தைத்த காலர் கோணலாகப் போனது. அவரோ சைக்கிளை விட்டு இறங்கமாட்டேன் என்று இன்னும் பத்து நிமிஷம் மிதித்தார். பிடிவாதத்துக்கு மட்டும் பக்கவாதம் வரவில்லை.

நாலாம் மாசம் ஒரு காலை. மிஷின் ஓடுகிறது, சைக்கிளும் ஓடுகிறது. சட்டை முதுகில் ஒட்ட வியர்வை. மிதித்துக்கொண்டே இருந்தவர், யாரும் கேட்காமலே, "நூலக முனை. இருபத்தேழு" என்றார்.

அவள் மிஷினை நிறுத்தினாள்.

"பள்ளிக்கூட மதில் முடியற இடம், பன்னெண்டு. அங்க ரெண்டு வால்வு. பேக்கரி முனை, நாப்பத்தஞ்சு, அப்புறம் ரோட்டுப் பக்கமா ரெண்டு." நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "சரிதானே?"

அவளுக்கு எப்படித் தெரியும்? "சரிதாங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அன்றிலிருந்து தினம் மிதிக்க மிதிக்க ஒன்றிரண்டு எண் வந்தது. பிசியோ பெண்ணின் வார்த்தைகள் நாலாகி, பிறகு ஐந்தும் வந்தன. பேத்தி பேர் வந்தது. அவளோடு போனில் பேசி, அவள் பிறந்த தேதியையும் சொன்னார். தையல்காரம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அங்கேதான் வம்பு வந்தது.

பேக்கரித் தெருவில் ரோட்டுக்கு அடியில் குழாய் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கிளையை மட்டும் மூடுகிற வால்வு தாருக்கு அடியில். இரும்பு காட்டும் கருவியை வைத்தால், அந்தத் தெருவில் கேபிளும் பழைய கம்பியுமாக எங்கே வைத்தாலும் கத்துகிறது. அந்த வால்வு கிடைக்காவிட்டால் பாதி ஊருக்குத் தண்ணீரை நிறுத்தி வேலை பார்க்க வேண்டும். அலுவலகத்து இன்ஜினியரம்மா, முப்பத்தைந்து வயதிருக்கும், வீட்டுக்கே வந்து கேட்டார். "ஐயாவுக்கு எண் ஞாபகம் வந்துடுச்சுன்னு சொன்னாங்க."

அவர் ஷூவை மாட்டிக்கொண்டார். நாடாவைத் தானே கட்டினார். பேக்கரி முனையில் சுவரில் குதிகாலை வைத்து, ஆறு மாசத்தில் முதல் தடவையாக, எண்ணிக்கொண்டே நடந்தார். நாற்பத்தைந்து. ரோட்டுப் பக்கமாக இரண்டு. "இங்க" என்றார். கூடவே வந்த மனைவி பக்கம் திரும்பவில்லை. அதைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு விம்மியது.

ரோட்டை உடைத்தார்கள். இடுப்பளவு தோண்டினார்கள். மண். இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் தோண்டினார்கள். மண்ணும் ஒரு கண்ணாடிப் புட்டியும். கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "பரவாயில்லீங்க ஐயா, ஞாயித்துக்கிழமை பாதி ஊருக்கு நிறுத்திட்டுப் பாத்துக்கறோம்" என்று இன்ஜினியரம்மா மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பரவாயில்லையைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி மூலையில் வைத்தார். "நாப்பத்தஞ்சுன்னு எனக்கு நல்லாத் தெரியுது. கண்ணுக்கு முன்னால நிக்குது. அது பொய்யின்னா, வேற எதெல்லாம் பொய்? உன்னை முதல்ல பாத்தது பஸ் ஸ்டாப்புலன்னு நினைச்சிட்டு இருக்கேன். அதுவும் நானாக் கட்டினதா?"

"பஸ் ஸ்டாப்புதான். நீங்க நிக்கற இடத்துலதான் பஸ் நிக்கும்னு வீம்பு பிடிச்சீங்க. அது நாலு கஜம் தள்ளி நின்னுச்சு."

அவர் சிரிக்கவில்லை. மகளுக்குப் போன் போட்டு, "வர்றோம்மா, சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். சைக்கிள் மேல் துண்டு காய்ந்தது. பிசியோ பெண் வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனாள். சுவரில் சாக்பீஸ் எழுத்து ஐந்திலேயே நின்றது. அந்த அம்மாவுக்கு வீடு போவதுகூடப் பெரிசாகத் தெரியவில்லை. இந்த மனுஷன் இனி எந்த ஊரில் இருந்தாலும் தன்னை நம்பப் போவதில்லை என்பதுதான் பெரிசாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை மழை. குப்பையைப் போட்டுவிட்டு வர அவரைத் துரத்தினாள், எப்படியாவது கொஞ்சம் நடக்கட்டும் என்று. நனைந்த ஷூவோடு திரும்பி நடையில் அச்சு அச்சாகப் பதித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். "இப்பத்தான் துடைச்சேன், பாவி மனுஷா" என்று முனகிக்கொண்டே துணியை எடுத்துக்கொண்டு கேட்டிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். பட்டன் எண்ணி, தையல் எண்ணிப் பழகிய தலை, சும்மா இருக்குமா? இடது ஒன்று, வலது இரண்டு, வலது அச்சு இழுபட்டிருந்தது, மூன்று, நாலு. ஒன்பது வந்தது. கதவு வரவில்லை. இன்னும் நாலு அச்சு பாக்கி இருந்தது.

குனிந்தபடியே நின்றாள். ஒன்பது தப்படி வீட்டில் பதிமூன்று தப்படி.

ஒரு நிமிஷம் தலைகால் புரியவில்லை. புரிந்தபோது துணியைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள். "எந்திரிங்க. ஷூவைப் போடுங்க. மறுபடி போய் நனைஞ்சிட்டு வாங்க."

"உனக்கு என்ன பைத்தியமா?"

"ஆமா. போங்க."

அவர் போனார். நாற்பத்தோரு வருஷப் பழக்கம், அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. மழையில் நின்று, திரும்பிக் கேட்டிலிருந்து கதவுக்கு நடந்து வந்தார். அவள் கழுத்தில் கிடந்த டேப்பை உருவித் தரையில் மண்டியிட்டாள். இந்தக் குதிகாலிலிருந்து அந்தக் குதிகாலுக்கு. இருபதே முக்கால் அங்குலம். அடுத்தது இருபத்தொன்று. அடுத்தது இருபதரை.

"உங்க தப்படி எவ்வளவு?" என்றாள் தரையிலிருந்து.

"முப்பது. உன் டேப்புல பாதி."

"இங்க வந்து பாருங்க."

அவர் சுவரைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். டேப்பைப் பார்த்தார், அச்சைப் பார்த்தார், தன் வலது காலைப் பார்த்தார். கூரை ஒழுகி, ஒரு சொட்டு அவர் கழுத்தில் விழுந்தது. அதைக்கூடத் துடைக்கவில்லை.

"அப்ப தலை?" என்றார்.

"தலை சரியாத்தான் இருக்கு. கால்தான் உங்களை ஏமாத்திடுச்சு. உன் தப்படி வேற, என் தப்படி வேறன்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களே. உங்க தப்படியே உங்க தப்படி இல்லைன்னு நமக்கு உறைக்கலையே."

அவர் அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அழுதார். அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, கண் இன்னும் காயவில்லை, உதடு மட்டும் அசைந்தது. "ஒன்பதுக்குப் பதிமூணு. நாப்பத்தஞ்சுல அஞ்சு ஒன்பது. அஞ்சு பதிமூணு அறுபத்தஞ்சு." தலையை நிமிர்த்தினார். "நான் நின்ன இடத்துலேருந்து இன்னும் இருபது போயிருக்கணும்."

பெருக்கல் கணக்கைக் காகிதம் இல்லாமல் போட்டார் பாருங்கள், அதற்கே அந்த அம்மா ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பாள். இந்தத் தடவை வாயைக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் குடிநீர் அலுவலகத்தில். இன்ஜினியரம்மா கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "நம்பறேன்மா. ஆனா மறுபடி ரோட்டைத் தோண்ட அனுமதி கேட்டா சாலைத் துறைக்காரங்க என்னையே தோண்டிப் புதைச்சிடுவாங்க."

"தோண்ட வேண்டாம். மூடி வெளியே தெரியற வால்வு ஒண்ணு காட்டுங்க" என்றாள் தையல்காரம்மா.

நூலகத் தெருவுக்குப் போனார்கள். அங்கே மூடி தெரிகிறது, ஆனால் முனையிலிருந்து நின்று பார்த்தால் தெரியாது, தெரு வளைகிறது. அவர் முனைச் சுவரில் குதிகாலை வைத்தார். இன்ஜினியரம்மா கூடவே எண்ணிக்கொண்டு வந்தார். இருபத்தேழில் நின்றார். காலடியில் வெறும் தார். "இதுதான் என் பழைய எண். இங்க ஒண்ணும் இல்ல. மூணு ஒன்பது, மூணு பதிமூணு. இன்னும் பன்னெண்டு" என்று மேலே நடந்தார். முப்பத்தொன்பதாவது தப்படியில் அவர் ஷூ இரும்பில் பட்டு ணங்கென்றது.

இன்ஜினியரம்மா அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. அங்கேயே போனை எடுத்தார்.

மதியத்துக்குள் பேக்கரித் தெருவில் அதே ஆட்கள், அதே கடைக்காரர்கள். நாலு நாளைக்கு முன்னால் போட்ட ஒட்டுத் தார் இன்னும் கறுப்பாகப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போனார் தப்படியார். அறுபத்தைந்து. ரோட்டுப் பக்கமாக மூன்று. நின்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், திரும்புவாரா என்று. "இங்க" என்றார், கடப்பாரைக்காரரைப் பார்த்து.

முதல் இரண்டு குத்துக்குத் தார் பெயர்ந்தது. மூன்றாவதுக்கு ஜல்லி. ஆறாவது குத்தில் கடப்பாரை துள்ளித் திரும்பியது. மண்ணை ஒதுக்கினார்கள். வட்டமாக, துருப்பிடித்து, மூடி.

பேக்கரிக்காரர் கை தட்டினார். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. மூடியைத் திறந்து சாவியை விட்டு இரண்டு ஆட்கள் வலது பக்கம் திருகினார்கள். அசையவில்லை. இன்னும் ஒருவர் சேர்ந்தார். அசையவில்லை. "துரு பிடிச்சுப் போச்சு மேடம்" என்றார்கள்.

"துரு இல்ல" என்றார் அவர். "பழைய கம்பெனி வால்வு. இது இடது பக்கம் மூடும். பதினாலு சுத்து. பதினாலாவதுல கொஞ்சம் முரண்டு பிடிக்கும், விட்டுடக் கூடாது. குடுங்க."

வலது கையில் முழுப் பலம் இல்லை. இடது கையால் பிடித்து, வலது கையை மேலே வைத்துத் திருகினார். அசைந்தது. மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள், எண்ணுவது மட்டும் அவர். பதினாலில் முரண்டு பிடித்தது. "விடாதீங்க" என்றார். விடவில்லை. தெருக்கோடியில் கசிவுப் பள்ளத்தில் பொங்கிக்கொண்டிருந்த தண்ணீர் மெல்ல அடங்கி நின்றது. பாதி ஊரை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

பிசியோ பெண்ணுக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் நோட்டில் வாராவாரம் எழுதியிருக்கிறாள், தப்படி நீளம் ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர் என்று. இவர் தப்படியை வைத்து ஊரை அளந்தவர் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? எண்ணாதே என்று தடுத்ததும் அவள்தான். "நான் வேற, எண்ண விடாமப் பண்ணிட்டேனே" என்று வருந்தினாள். அவர் சைக்கிள் மேலிருந்த துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். "வருத்தப்பட்டது போதும், அஞ்சு வார்த்தை சொல்லு" என்றார்.

சனிக்கிழமை மகள் வந்தாள். மடக்கி வைத்த அட்டைப் பெட்டிகள் ஒரு கட்டு, ஒட்டுவதற்கு டேப், எந்தப் பெட்டியில் எது என்ற பட்டியல், எல்லாம் அவளிடம் தயார். அம்மாவின் மிஷின் பட்டியலில் பதினொன்றாவதாக இருந்தது. தையல்காரம்மா மிஷினில் உட்கார்ந்து ஒரு பேன்ட்டுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். தான் வாயைத் திறக்கக் கூடாது என்று காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

"அப்பா, எதை முதல்ல எடுத்து வைக்கலாம்?" என்றாள் மகள்.

"ஒண்ணும் எடுத்து வைக்க வேண்டாம்மா. நாங்க வரல" என்றார். "உன் லீவுக்கு விருந்தாளியா வந்து பத்து நாள் இருக்கோம். அதுக்கு மேல எனக்கு இங்க வேலை இருக்கு. இன்ஜினியரம்மாவுக்கு வரைபடத்தைத் திருத்தணுமாம், வாரத்துல ரெண்டு நாள் கூப்பிட்டிருக்காங்க. உன் பெட்டியெல்லாம் வீணாப் போகாது. அம்மாவுக்குத் துணி போட்டு வைக்க ஆகும்."

மிஷின் நின்றது. அந்த அம்மா ஊசியைப் பார்த்தபடி காத்திருந்தாள். ஆறு மாசப் பழக்கம். அடுத்தது என்ன வரும் என்று காதுக்குத் தெரியும். சரிதானே என்று வரும்.

வரவில்லை.

மகளும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பட்டியலை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "பத்து நாள் பத்தாது, பதினஞ்சு நாள்" என்றாள், டீச்சர் குரலில். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அன்றைக்குத் தைத்த மடிப்பு நூல் பிடித்தாற்போல் நேராக விழுந்தது என்று அந்த அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

அதன் பிறகு இன்னொரு தொல்லை. மாசம் முதல் தேதியானால் அவர் ஷூவை நனைத்துக்கொண்டு கேட்டிலிருந்து நடந்து வருவார், அவள் டேப்போடு மண்டியிடுவாள். தப்படி மாறினால் கணக்கு மாறும், கணக்கு மாறினால் வரைபடம் தப்பும். தரையெல்லாம் ஈரம். "என் முட்டி தேயறது யாருக்கும் தெரியல" என்று புலம்பல் வேறு.

மூன்றாவது மாசம் முதல் தேதி அவர் கேட்டில் நின்று, அவள் டேப்பை விரிக்கும் முன்பே கிளம்பிவிட்டார். வலது கால் இழுபடவில்லை என்று சொல்ல முடியாது, கொஞ்சம் இழுத்தது. சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். பதினொன்றில் வாசல் கதவில் கை வைத்தார்.

அவள் எழுந்து, முந்தின தடவை சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்த பதிமூன்றை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினாள். எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. "ஒன்பதுக்கு இடம் விட்டு எழுதியிருக்கேன்" என்றாள்.

அவர் மறுபடி கேட்டுக்குப் போய் நின்றுகொண்டார்.